மக்பெத் நாடகத்தைப் படிக்கும் முறை: மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பென்னாகரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தை முடித்தபின், "மக்பெத் ஏன் அழிந்தான்?" என்று கேட்பது என் வழக்கம். வகுப்பில் பாதிப் பேர் "விதி சார்" என்பார்கள். மீதிப் பேர் கைடில் உள்ளபடி "பேராசை சார்" என்பார்கள். இரண்டையும் முழுத் தவறென்று தள்ள முடியாது. ஆனால் நாடகத்தின் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பாமல் இந்த இரண்டு விடைகளையும் சொல்லிவிடலாம் என்பதுதான் சிக்கல். மக்பெத் தான் செய்யப்போவது தவறு என்பதை முழுமையாக அறிந்து, அதை வாய்விட்டுச் சொல்லி, வேண்டாம் என்று முடிவும் எடுத்து, அதற்குப் பிறகு அதைச் செய்கிறான். அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதைக் கண்டுபிடிப்பதே இந்த நாடகத்தைப் படிப்பதன் பொருள். பின்வரும் படிகள் அனைத்தும் அந்த ஒரு கேள்வியை நோக்கியே அமைந்துள்ளன.

மாநிலப் பாடத்திட்டத்தில் ஷேக்ஸ்பியர் சிறு சிறு பகுதிகளாகவே வருகிறார். 2018இல் வெளியான பதினொன்றாம் வகுப்பு ஆங்கில நூலில் இரண்டாம் ரிச்சர்ட் நாடகத்தின் ஒரு பகுதியும், அதற்கடுத்த ஆண்டு வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூலில் 'உலகமே ஒரு மேடை' என்று தொடங்கும் பேச்சும் இடம்பெற்றன. ஒரு துண்டைப் படித்து ஒரு துன்பியல் நாடகத்தை அறிய முடியாது என்பதால், விருப்பமுள்ள மாணவர்களோடு சனிக்கிழமைகளில் முழு நாடகத்தையும் படிக்கிறேன். முழு நாடகமே பாடமாக உள்ள பள்ளிகளில் படிப்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

முதல் படி: கதையை முழுவதும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்

முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்று நினைக்க வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதத் திருவிழாவில் கர்ண மோட்சம் கூத்துப் பார்க்க உட்காருகிற ஒவ்வொருவருக்கும், விடிவதற்குள் கர்ணன் சாகப்போகிறான் என்பது தெரியும். தெரிந்தேதான், மனைவி பொன்னுருவியிடம் அவன் விடைபெறும் இடத்துக்காகத் தூக்கத்தை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள். கூத்துப் பார்த்துப் பழகிய மாணவனுக்குத் துன்பியல் நாடகத்தைப் பார்க்கும் கண் ஏற்கெனவே இருக்கிறது என்பதே என் அனுபவம்.

கதை இதுதான். ஸ்காட்லாந்தின் தளபதி மக்பெத், போரில் வென்று நண்பன் பாங்க்வோவுடன் திரும்பும்போது, மூன்று சூனியக்காரிகள் எதிர்ப்பட்டு, அவன் காடர் என்ற பகுதியின் தலைவனாவான், பின்னர் அரசனாவான் என்கிறார்கள். பாங்க்வோவிடம், அவன் அரசனாகமாட்டான், ஆனால் அவன் வழிவந்தவர்கள் அரசர்களாவார்கள் என்கிறார்கள். முதல் வாக்கு உடனே பலிக்கிறது. மனைவியின் தூண்டுதலால், தன் வீட்டுக்கு விருந்தினராக வந்த அரசர் டங்கனை மக்பெத் கொன்று அரியணை ஏறுகிறான். பிறகு பாங்க்வோவையும், மக்டஃப் என்பவனின் மனைவி மக்களையும் ஆளனுப்பிக் கொல்லச் செய்கிறான். லேடி மக்பெத் மனம் கலங்கித் தூக்கத்தில் நடக்கத் தொடங்கி, இறுதியில் இறந்துபோகிறாள். டங்கனின் மகன் மால்கம் இங்கிலாந்துப் படையுடன் வருகிறான். மக்டஃபின் கையால் மக்பெத் சாகிறான்.

இரண்டாம் படி: பின்னணிக்கு ஒரு பாடவேளை போதும்

நாடகம் 1606ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டு, ஷேக்ஸ்பியர் இறந்த பின் 1623இல் வெளியான தொகுப்பில்தான் முதன்முதலாக அச்சேறியது. 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸ் ஏற்கெனவே ஸ்காட்லாந்தின் அரசர். பாங்க்வோவின் வழிவந்தவராகத் தம்மைக் கருதியவர். சூனியம் பற்றி 1597இல் ஒரு நூலே எழுதியவர். 1605 நவம்பரில் அவரையும் நாடாளுமன்றத்தையும் வெடிமருந்து வைத்துத் தகர்க்கும் சதி ஒன்று பிடிபட்டது. அரசனைக் கொல்வது என்ற பேச்சே நடுக்கம் தந்த ஒரு காலத்தில், அரசனைக் கொன்றவனைப் பற்றிய நாடகம் மேடை ஏறியது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்றை மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள். உண்மையில் ஸ்காட்லாந்தை 1040 முதல் 1057 வரை ஆண்ட மக்பெத் என்றோர் அரசர் இருந்தார்; அவருக்கு முன் ஆண்ட டங்கன் கிழவரல்லர், இளைஞர். ஷேக்ஸ்பியர் கதை எடுத்த ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில், கொலையில் பாங்க்வோவுக்கும் பங்கு உண்டு. ஷேக்ஸ்பியர் டங்கனை முதியவராகவும் நல்லவராகவும் ஆக்கினார். பாங்க்வோவைக் குற்றத்திலிருந்து விடுவித்தார். அதாவது, மக்பெத் சொல்லிக்கொள்ளக்கூடிய சாக்குகளை ஒவ்வொன்றாக அகற்றினார். ஏன் அகற்றினார் என்ற கேள்வியோடு நாடகத்துக்குள் நுழையுங்கள்.

மூன்றாம் படி: கண்ணால் படிக்கும் முன் வாயால் படியுங்கள்

ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் மிகச் சிறியது இதுவே. ஐந்து அங்கங்கள், பெரும்பாலான பதிப்புகளில் 28 காட்சிகள். பக்கத்திலேயே அருஞ்சொற்பொருள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். எளிய ஆங்கிலத்தில் மாற்றி எழுதிய நூலை ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளலாம். அதை மட்டுமே படித்துவிட்டு நாடகத்தைப் படித்ததாகச் சொல்லிக்கொள்வது, கூத்து நோட்டீசைப் படித்துவிட்டுக் கூத்துப் பார்த்தேன் என்பதற்குச் சமம்.

மக்பெத் மேடையில் முதன்முதலாகப் பேசும் அடியை எடுத்துக்கொள்வோம்: "சோ ஃபௌல் அண்ட் ஃபேர் எ டே ஐ ஹேவ் நாட் சீன்." இவ்வளவு மோசமும் இவ்வளவு நலமுமான ஒரு நாளை நான் கண்டதில்லை என்பது பொருள். விரலால் மேசையில் தட்டி எண்ணுங்கள்: பத்து சிலபிள், ஒன்று விட்டு ஒன்று அழுத்தம் விழும். (தமிழ் யாப்பின் நேர், நிரையை இங்கே கொண்டுவந்து குழம்ப வேண்டாம்.) நாடகத்தில் உயர்குடியினர் பேசும் நடை பெரும்பாலும் இதுவே. சூனியக்காரிகளின் நடை வேறு: "ஃபேர் இஸ் ஃபௌல் அண்ட் ஃபௌல் இஸ் ஃபேர்." அழுத்தம் முதல் சிலபிளிலேயே விழுகிறது, பம்பை அடிபோலக் குட்டையாக ஓடுகிறது. இரண்டு அடிகளையும் அடுத்தடுத்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மக்பெத் அந்தச் சூனியக்காரிகளை இன்னும் சந்திக்கவே இல்லை; ஆனால் அவர்கள் சொன்ன அதே இரண்டு சொற்கள் அவன் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. கண்ணால் ஓட்டிச் செல்பவன் இதைத் தவறவிடுவான். காதால் கேட்பவனுக்குத் திக்கென்று இருக்கும்.

தமிழ் மாணவர்களுக்கு வேறொரு வசதியும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'தௌ', 'யூ' என இரண்டு முன்னிலைச் சொற்கள் இருந்தன. ஏறக்குறைய நம் 'நீ', 'நீங்கள்' போல. இன்றைய ஆங்கிலேய மாணவனுக்கு இது பாடமாகச் சொல்லித்தர வேண்டிய செய்தி. நமக்கோ வீட்டிலேயே கேட்டுப் பழகியது. முதல் அங்கம் ஏழாம் காட்சியில் லேடி மக்பெத் கணவனைக் கடிந்துகொள்ளத் தொடங்கும்போது 'யூ' என்றே தொடங்குகிறாள். சில அடிகளுக்குள் 'உன் அன்பை இனி இப்படித்தான் மதிப்பேன்', 'நீ பயப்படுகிறாயா' என்று 'தௌ'வுக்கு இறங்குகிறாள். எப்போதும் "வாங்க, சாப்பிடுங்க" என்று பேசும் மனைவி, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா" என்று கேட்டால் அந்த வீடு எப்படி உறைந்து போகும் என்பதை எந்த அருஞ்சொற்பொருளும் சொல்லித்தராது. இரண்டு மொழிகளின் வழக்கும் துல்லியமாக ஒத்துப்போகாது. காதலிலும் 'தௌ' வரும். ஆனால் மாறும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மாற்றம் எப்போதும் காரணத்தோடுதான் வரும்.

நான்காம் படி: முதல் அங்கம், ஏழாம் காட்சியில் தங்குங்கள்

மற்றக் காட்சிகளுக்கு ஒரு பாடவேளை என்றால், இதற்கு மூன்று கொடுங்கள். மொத்தம் ஏறக்குறைய 80 அடிகள்தாம். நாடகத்தின் உயிர் இங்கே இருக்கிறது.

உள்ளே விருந்து நடக்கிறது. மக்பெத் எழுந்து வெளியே வந்து தனியாகப் பேசுகிறான். தொடக்கத்திலேயே 'டன்' (செய்து முடிந்தது) என்ற ஆங்கிலச் சொல்லை மூன்று முறை சொல்கிறான்: செய்து முடித்தால் முடிந்துவிடும் என்றால், சீக்கிரம் செய்து முடிப்பது நல்லது. 'கொலை' என்று நேரே சொல்ல வராமல் 'அது', 'அது' என்றே தொடங்குகிறான் என்பதைக் கவனியுங்கள். பிறகு காரணங்களை அடுக்குகிறான். டங்கன் என் உறவினர். நான் அவருடைய குடி. எல்லாவற்றுக்கும் மேலாக, நான் விருந்து அளிப்பவன். கொலைகாரன் வந்தால் கதவைச் சாத்த வேண்டிய நானே கத்தியை ஏந்தலாமா? அவரோ நல்ல அரசர். அவர் இறந்தால் இரக்கமே குதிரை ஏறி வந்து உலகத்துக்குச் சொல்லும். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று: தன்னை மீறித் தாவி மறுபக்கம் விழும் ஆசை. சரியாகச் சொன்னால், வழக்கின் இரு பக்கத்தையும் அவனே வாதாடி, தனக்கு எதிராக அவனே தீர்ப்பும் எழுதிவிடுகிறான். மனைவி வந்ததும், "இந்தக் காரியத்தில் இனி மேலே போக வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்கிறான். அடுத்த ஐம்பது அடிகளுக்குள், "முடிவு செய்துவிட்டேன்" என்கிறான்.

நோட்டில் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் அவன் சொன்ன காரணங்களையும் வலப்பக்கம் அவள் சொல்லும் விடைகளையும் எழுதுங்கள். வலப்பக்கம் எழுதும்போதுதான் வகுப்புக்கு உறைக்கும்: அவள் அவனுடைய ஒரு காரணத்துக்குக்கூட விடை சொல்வதில்லை. உறவு, குடிமை, விருந்தோம்பல் எதையும் தொடுவதில்லை. நீ கோழை என்கிறாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவன் என்கிறாள். நானாக இருந்தால், வாக்குக் கொடுத்துவிட்டபின், பால் குடிக்கும் என் பிள்ளையையே கொன்றிருப்பேன் என்கிறாள். கடைசியில், மாட்டிக்கொள்ளாமல் செய்யும் வழியைச் சொல்கிறாள். நியாயம் தோற்று அவன் மாறவில்லை. ஆண்மை என்ற சொல் சுட்டதால் மாறினான்.

இந்த இடத்தில்தான் அரிஸ்டாட்டிலைக் கொண்டுவர வேண்டும், அதற்கு முன் வேண்டாம். துன்பியல் நாயகனின் வீழ்ச்சிக்குக் காரணமாக அவர் சொன்ன 'ஹமார்ஷியா' என்ற கிரேக்கச் சொல்லைக் கைடுகள் 'குணக்குறை' என்று எழுதிவிடுகின்றன. அச்சொல்லின் அடிப்படைப் பொருள், குறி தவறுதல். எய்த அம்பு இலக்கில் படாமல் போவது. குறை என்றால் அது பிறவியிலேயே ஒட்டியிருப்பது போலாகிவிடும். குறி தவறுதல் என்றால், எய்தவன் கை, எய்த நேரம், எய்த திசை எல்லாம் கணக்கில் வரும். மேற்சொன்ன ஐம்பது அடிகளில் அவன் அம்பு விலகுவதை நாம் கண்ணால் பார்க்கிறோம்.

விதி என்பவர்களுக்கு நான் மூன்று சான்றுகளைக் காட்டுவேன். ஒன்று, சூனியக்காரிகள் 'அரசனாவாய்' என்றார்கள். 'கொல்' என்று ஒருபோதும் சொல்லவில்லை. இரண்டு, அதே இடத்தில் அதே வாயால் வாக்குப் பெற்ற பாங்க்வோ யாரையும் கொல்லவில்லை. மூன்று, "தற்செயல் என்னை அரசனாக்கும் என்றால், நான் அசையாமலேயே அது முடி சூட்டட்டும்" என்று முதல் அங்கம் மூன்றாம் காட்சியில் மக்பெத்தே சொல்கிறான். சும்மா இருக்கலாம் என்ற வழி அவனுக்குத் தெரிந்தே இருந்தது. இதற்குப் பிறகும் விதி என்று வாதிட ஒருவர் விரும்பினால் வாதிடட்டும். நான்காம் அங்கத்தில் அவர்களுக்கும் சான்று கிடைக்கும். சான்றோடு வரும் மாற்றுக் கருத்துக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன்.

ஐந்தாம் படி: ஒரு சொல்லைப் பின்தொடருங்கள்

ஏழாம் காட்சியில் பிடித்த 'டன்' என்ற சொல்லை விடாதீர்கள். இரண்டாம் அங்கத்தில் கொலை முடித்து வந்தவன், "செய்துவிட்டேன்" என்கிறான். மூன்றாம் அங்கத்தில் அமைதியிழந்து தவிக்கும் அவனிடம் மனைவி, "செய்தது செய்ததுதான்" என்று ஆறுதல் போலச் சொல்கிறாள். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்தபடி அவளே, "செய்ததைச் செய்யாததாக்க முடியாது" என்கிறாள். முடித்தால் முடிந்துவிடும் என்று தொடங்கிய சொல், முடியவே முடியாது என்ற இடத்தில் வந்து நிற்கிறது. 'தண்ணீர்', 'கை' என்ற சொற்களையும் இப்படியே தொடரலாம்: கொலை இரவில் "கொஞ்சம் தண்ணீர் போதும், கழுவிவிடலாம்" என்றவள்தான், பின்னாளில் அரபு நாட்டு வாசனைத் திரவியம் அத்தனையும் இந்தச் சின்னக் கையை மணக்கவைக்காது என்று புலம்புகிறாள். நான்கு மாணவர்கள் ஆளுக்கொரு சொல்லை எடுத்துக்கொண்டால், ஒரு வாரத்தில் வகுப்புக்கு முழு நாடகத்தின் நரம்போட்டமும் தெரிந்துவிடும்.

ஆறாம் படி: தாண்டிப் போகும் இரண்டு இடங்களைத் தாண்டாதீர்கள்

கொலை முடிந்ததும் கோட்டைக் கதவு தட்டப்படுகிறது. போதை தெளியாத வாயிற்காவலன் ஒருவன், தான் நரகத்தின் வாசலைக் காப்பதாகப் பாவித்துக் கோமாளித்தனம் செய்கிறான். ரத்தத்துக்கு நடுவே சிரிப்பு எதற்கு என்று குழம்புகிறவர்கள், கூத்தில் கட்டியங்காரன் எந்த நேரத்தில் நுழைகிறான் என்பதை நினைத்துப் பார்க்கலாம். அந்தக் கதவுத் தட்டலைப் பற்றி மட்டுமே ஆங்கில எழுத்தாளர் டி குவின்சி 1823இல் ஒரு கட்டுரை எழுதினார்.

மற்றது, இங்கிலாந்தில் நடக்கும் நான்காம் அங்கம் மூன்றாம் காட்சி. நீளமானது, முன்பாதி சலிப்பூட்டுவது; நான் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மக்டஃபுக்குச் செய்தி வரும் இடத்திலிருந்து படிக்கவைப்பேன். மனைவியும் மக்களும் கொல்லப்பட்டதைக் கேட்டவன், எல்லோருமா, எல்லோருமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். "ஆண்மகனைப் போல இதை எதிர்கொள்" என்கிறான் மால்கம். "எதிர்கொள்வேன், ஆனால் ஆண்மகனைப் போல இதை உணரவும் வேண்டும்" என்கிறான் மக்டஃப். முதல் அங்கத்தில் லேடி மக்பெத் வீசிய 'ஆண்மை' என்ற சொல்லுக்கு விடை இங்கேதான் வருகிறது.

ஏழாம் படி: துக்கத்தை நம் காதோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்

மனைவி இறந்த செய்தி வரும்போது மக்பெத் பேசுவது, "டுமாரோ அண்ட் டுமாரோ அண்ட் டுமாரோ" என்று போகும் புகழ்பெற்ற பேச்சு. நாளை, நாளை, நாளை என்று நாட்கள் ஊர்ந்து போகின்றன. வாழ்க்கை, முட்டாள் சொல்லும் பொருளற்ற கதை. இதைப் படிக்கும் நாளில் நான் புறநானூற்றின் 235ஆம் பாட்டையும் கரும்பலகையில் எழுதுவேன். தகடூரை, அதாவது நம் தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது. "சிறியகட் பெறினே எமக்கு ஈயும் மன்னே" என்று தொடங்கி, கள்ளும் சோறும் பகிர்ந்த ஒவ்வொரு சிறு செயலையும் சொல்லி, 'மன்னே', 'மன்னே' என்று மீண்டும் மீண்டும் நிறுத்துகிறார். அது கழிந்துபோயிற்றே என்பது அந்த இடைச்சொல்லின் பொருள்.

இரண்டிலும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஔவையாரிடம் இறந்தவர் நிரம்பியிருக்கிறார்: அவர் குடித்தது, கொடுத்தது, தலை தடவியது எல்லாம் இருக்கின்றன. மக்பெத்தின் பேச்சில் இறந்த மனைவி எங்கே என்று மாணவர்களைத் தேடச் சொல்லுங்கள். முதல் அடியில் ஒரு 'அவள்' இருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் இல்லை. அழக்கூட எதுவும் மிஞ்சாத அளவுக்கு அவன் உள்ளே காலியாகிவிட்டான். துன்பியல் நாடகம் நம்மிடம் எழுப்பும் என்று அரிஸ்டாட்டில் சொன்ன இரக்கமும் அச்சமும் கொலைகாரன் ஒருவன்மேல் நமக்கு ஏன் வருகிறது என்று கேட்கும் மாணவிக்கு, விளக்கம் சொல்வதைவிட இந்தத் தேடலைக் கொடுப்பதே மேல்.

எட்டாம் படி: தேர்வில் எழுதுவது

ஈ.ஆர்.சி. வினாவில், அதாவது ஓர் அடியை அதன் சூழலோடு பொருத்தி விளக்கும் வினாவில், பெரும்பாலோர் செய்யும் தவறு, யார் யாரிடம் சொன்னது என்று எழுதிவிட்டுக் கதைச்சுருக்கத்துக்குப் போய்விடுவது. "நெப்டியூனின் கடல் முழுவதும் இந்த ரத்தத்தைக் கழுவுமா?" (நெப்டியூன், ரோமானியரின் கடல் தெய்வம்) என்ற அடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். "இதை மக்பெத் சொல்கிறான். அவன் டங்கனைக் கொன்றுவிட்டான். அவனுக்குக் குற்ற உணர்வு உள்ளது" என்ற விடையில் தவறில்லை, ஆனால் அந்த அடி அதில் இல்லை. இடம், பேசுபவர் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, அடிக்குள் இறங்குங்கள்: கை சிறியது, கடல் பெரியது, ஆனால் கடல் கையைக் கழுவாது, கைதான் கடலைச் சிவப்பாக்கும் என்று அடுத்த அடிகளில் அவன் சொல்கிறான், சற்று நேரத்தில் மனைவி 'கொஞ்சம் தண்ணீர் போதும்' என்பதோடு இது மோதுகிறது. இந்த மூன்று வாக்கியங்களையும் உங்கள் சொந்த ஆங்கிலத்தில் எழுதினால் போதும். திருத்துபவருக்கு நீங்கள் நாடகத்தைப் படித்திருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். கட்டுரை வினாவுக்கும் இதே முறைதான்: பத்திக்கு ஒரு கருத்து, அதற்கு நாடகத்திலிருந்து ஒரு சொல் அல்லது அடி, அந்தச் சொல் எப்படி அக்கருத்தை நிறுவுகிறது என்ற விளக்கம். கைடில் உள்ள மேற்கோள்களை மனப்பாடம் செய்வதைவிட, நீங்களே பின்தொடர்ந்த சொல்லின் நான்கு இடங்களை நினைவில் வைத்திருப்பது எளிது.

தேர்வுக்கு முந்தைய இரவு நாடகத்தை முதலிலிருந்து புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம். முதல் அங்கம் ஏழு, இரண்டாம் அங்கம் இரண்டு, மூன்றாம் அங்கம் நான்கு, ஐந்தாம் அங்கம் ஒன்று, ஐந்து ஆகிய காட்சிகளை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். வீட்டில் மற்றவர்கள் தூங்கிவிட்டால் திண்ணைக்குப் போய்விடுங்கள். அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால், முதல் அங்கம் ஏழாம் காட்சியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.